நனைந்த பாறையில் ஏறுவதில்லை

வியாழன் மாலை வேலை முடிந்ததும்
அம்மான் நகரிலிருந்து தெற்கே கிளம்பிவிடுவோம்.
ராகானின் பழைய பஜேரோ.
ஒரு ஜன்னல் லுப்னாவுக்கு
மறு ஜன்னல் ஹைதமுக்கு
பிப்ரவரியில் அவர்களுக்கு விவாகரத்து ஆனதிலிருந்து
நடு இருக்கை எனக்கு.

அக்டோபர்:
வெயிலுக்குப் பல் விழும் மாதம்.
(பல் டாக்டர் நான், வேறெப்படிச் சொல்வது.)
கோடை முழுக்கத் தொடமுடியாதிருந்த பாறை
கை வைத்தால் கை வைக்கவிடும்.

பருவத்தின் முதல் ஏற்றத்தன்று
யாருக்கு யார் கயிறு பிடிப்பதென்று
எல்லோருமே ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
லுப்னா இடுப்பில் எட்டு முடிச்சைப் போட்டு
கயிற்றின் மீதியை
ஒன்றும் சொல்லாமல் அவனிடம் நீட்டினாள்.
குளிர்பெட்டி அவனுக்கு, பூனை அவளுக்கு
என்று தீர்ந்திருந்தது எல்லாம்.
எழுபது மீட்டர் கயிறு மட்டும் தீரவில்லை.
வெட்டினால் இருவருக்கும் எட்டாது.

அன்றிலிருந்து
"தளர்த்து" என்பாள் மேலிருந்து.
தளர்த்துவான்.
"இறுக்கு" என்பாள்.
இறுக்குவான்.
அவர்களுக்குள் மிஞ்சிய மொழி அவ்வளவுதான்.
அதைப் பற்றி நான் கருத்துச் சொல்வதற்கில்லை,
வாயைத் திறக்கச் சொல்வது மட்டுமே என் தொழில்.

இந்த வாரம் வாதி ரம் ஊர் முனையில்
தகீல் ஃபோன் வெளிச்சத்தோடு ஓடிவந்தான்.
எங்களைவிடப் பத்து வயது இளையவன்,
எங்களுக்காக வருத்தப்படுவதை
மறைக்கத் தெரியாதவன்.
"நேற்று ராத்திரி மழை" என்றான்,
யாரோ இறந்த செய்தியைப் போல.

ராகான் நம்பவில்லை.
விடிந்ததும் பாறையடியில் மண்டியிட்டு
மணலைத் தோண்டினான்.
மேலே மாவு.
மூன்று விரல் ஆழத்தில் கறுத்துச் சில்லென்றிருந்தது.
பாறையோ செக்கச் சிவந்து
எனக்கொன்றும் இல்லை என்று நிற்கிறது;
உள்ளுக்குள்
டீயில் முக்கிய பிஸ்கட்.
பிடித்த பிடி கையோடு வந்துவிடும்.

ஆகவே வெள்ளிக்கிழமை முழுக்க
நாங்கள் ஏறவில்லை.
சீட்டு ஆடினோம், மரமிய்யா இலை போட்டு
ஐந்து முறை டீ குடித்தோம்.
ஹைதம் ஒரே கொக்கியை
மதியம்வரை துடைத்தான்.
லுப்னா சுண்ணப்பொடிப் பையை உதறி
வெயிலில் காயவைத்து
காய்ந்ததை மறுபடி உதறினாள்.
ஏற்றம் இல்லாத நாளில்
அவர்களிடம் ஒரு சொல்லும் இல்லை.
நானே பேசிக்கொண்டிருந்தேன்,
ஈறு நோய் பற்றி, மன்னிக்க முடியாத நீளத்துக்கு.

நள்ளிரவில் காற்று.
பிறகு சடசடவென்று மழை.
காருக்கும் பாறைக்கும் நடுவே கட்டிய தார்ப்பாய்
ஒரு மூலை பிய்த்துக்கொண்டு
பைத்தியம் பிடித்ததுபோல் அடித்தது.
நான் தூக்கப்பைக்குள்ளிருந்து
தலையை மட்டும் நீட்டினேன்.
டார்ச் யாரிடமும் இல்லை.
இருட்டில் இந்தப் பக்கம் ஒரு குரல்:
"தளர்த்து!"
அந்தப் பக்கம்:
"இன்னும் வேணுமா?"
"வேணும்... போதும், போதும். இறுக்கு!"
"பிடிச்சிருக்கியா?"
"பிடிச்சிருக்கேன்."

தார்ப்பாய் முரசு மாதிரி விறைத்து
மழையைத் தாங்கிற்று.
அப்புறம் ஈரச் செருப்புகள்
இரண்டு திசையில் நடந்தன.

சனிக்கிழமை ஊருக்குத் திரும்புகிறோம்.
கயிறு பின்னால்
அவிழ்க்காத சுருளாகவே கிடக்கிறது.
ராகான் பெட்ரோல் கணக்கைச் சொல்லி
ஏறாததற்குத் தள்ளுபடி இல்லை என்கிறான்.
பாதி வழியில்
லாரிகளுக்குப் பின்னால் சிக்கி ஊர்ந்துகொண்டிருந்தபோது
ஹைதம் தன் ஜன்னலைப் பார்த்துக் கேட்டான்:
"பூனை சாப்பிடுதா?"
லுப்னா தன் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்:
"சாப்பிடுது.
ஆனா ராத்திரியில கதவுகிட்டயே படுத்துக்குது."

நான் தலையைக் கொஞ்சம்
பின்னால் சாய்த்துக்கொண்டேன்,
அவர்களுக்கு வழிவிட்டு.